சமனொளியும் சிவனொளியும்

டிசம்பர் முழுநிலாப் போயாவோடு யாத்திரைப் பருவம் தொடங்கிவிட்டால் போதும், "சிவன் ஒளிவடிவாய் நின்று பாதம் பதித்ததால் சிவனொளிபாதமலை" என்ற விளக்கமும் கூடவே கிளம்பிவிடுகிறது. சொல்லை மூன்றாக அறுத்துப் பொருள் சொல்வது ஆராய்ச்சியாகாது.

மணிமேகலை கற்றவர் இப்படிச் சொல்லார். கச்சிமாநகர் புக்க காதையில் தருமசாரணர் வலம்வந்து திரும்பும் இலங்கை மலைக்குச் சாத்தனார் தரும் பெயர் சமனொளி. பாத்திரம் பெற்ற காதையில் அதுவே சமந்தம். பாலி வழக்கில் சமந்தகூடம். மகாவம்சத்தில் சுமனகூடம், அங்கே உறைபவர் மகாசுமனர், இன்றைய சிங்களவரின் சமன் தெய்யோ. சிகரத்தைக் குறிக்கும் 'கூட' சிங்கள வாயில் தேய்ந்து 'ஒள' ஆக, மலை 'சமனொள' ஆயிற்று. தமிழ்ச்செவி அதை 'ஒளி' என்று வாங்கிக்கொண்டது. சமன் சிவனானது பிற்பாடு. விஞ்சு, மிஞ்சு, விழுங்கு, முழுங்கு என வகரமும் மகரமும் இடம் மாறுவது நம் பேச்சில் புதிதா?

சமணர் மலை என்பார்க்கு ஒரே கேள்வி: ணகரம் எங்கே போயிற்று? சமன் என்றால் யமன் என்பார் மகாவம்சத்தின் முதல் அதிகாரத்தையாவது புரட்டட்டும். வண்ணத்துப்பூச்சிக்குச் சிங்களத்தில் 'சமனலயா' என்று பெயர். மலையால் பூச்சி பெயர் பெற்றதேயன்றிப் பூச்சியால் மலை பெறவில்லை.

தோட்டப்புறங்களில் 'சிவனடிபாதம்' என்றும் சொல்வார்கள். 'ஒளி' இங்கே ஒட்டவில்லை என்று மக்கள் நாக்கே கண்டுகொண்டு 'அடி' ஆக்கியிருக்கிறது. அடியும் பாதமும் ஒன்றுதானே என்று அது பார்க்கவில்லை.

உயரம் 2,243 மீட்டர்தான், இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524. ஆனாலும் பெயர்ச்செல்வத்தில் இதற்கு ஈடில்லை. 1344இல் ஏறிய இபன் பதூதா, ஆதமின் பெயரால் பாபா வழி, ஏவாளின் பெயரால் மாமா வழி என்று இரண்டையும், பற்றி ஏறும் இரும்புச் சங்கிலிகளையும் எழுதிவைத்தார். இன்று இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல வழியும் குருவிட்ட வழியும் நீளமானவை. அட்டனில் ரயிலிறங்கி மஸ்கெலியா வழியே நல்லதண்ணி போய்ப் படியேறுவதே பலருக்கும் வாய்ப்பு. 'நல்லதண்ணி' கலப்பற்ற தமிழ். சிங்களம் ஒரு 'ய' சேர்த்து 'நல்லதண்ணிய' ஆக்கிக்கொண்டது. ஏறும் வழியில் வரும் சீதகங்குலவில் சீதையைத் தேடவேண்டாம்; சீதம் என்றால் குளிர், அது குளிர்ந்த ஓடை. இன்னும் மேலே இந்திகட்டுபான. இந்திகட்டு ஊசி. புத்தர் அங்கே தம் சீவரத்தைத் தைத்தார் என்பது நம்பிக்கை. அதனால் யாத்திரிகர் நூலுருண்டையைப் பிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். பருவத்தில் பாதையோரப் புதர்களெல்லாம் வெள்ளை நூல் சுற்றிக் கிடக்கும்.

சைவர் அங்கே சிவனைக் கண்டு தொழுவதை நான் மறுக்கவில்லை. தொழுகை வேறு, சொற்பிறப்பு வேறு. சிவனொளி, சமனொளியின் வழிவந்த சொல்லே என்பது என் துணிபு. அகராதி தொகுப்போர் 'சமனொளி'யையே மூலமாகக் காட்டவேண்டும்.