கேட்டலும் கீழ்ப்படிதலும்: தஞ்சைச் சீமையின் உபதேசியார்கள்

'சொன்னால் கேட்க மாட்டான்' என்று ஒருவனைப் பற்றித் தமிழில் சொல்லும்போது அவன் செவியில் குறை இருப்பதாக எவரும் எண்ணுவதில்லை. காதில் விழுவதும் அதன்படி நடப்பதும் இங்கே ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கிரேக்கத்திலும் இலத்தீனிலும்கூடக் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொற்கள் கேட்டலைக் குறிக்கும் வேர்களிலிருந்தே கிளைத்தவை. விசுவாசம் செவிவழியாகவே உள்ளத்துக்குள் வருகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் உணர்த்தும் கருத்து, கொள்ளிடக் கரையிலிருந்து முத்துப்பேட்டைக் கழிமுகம் வரை பரந்த நெல்நாட்டில், 18ஆம் நூற்றாண்டில், வெறும் போதனையாக நில்லாமல் அன்றாட நடைமுறையாகவே இருந்தது. ஏனெனில் வயலில் உழைத்த மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள், வேதத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டே அறிய வேண்டியவர்கள்.

அந்த வாசிப்பைச் சுமந்து சென்றவர் உபதேசியார். குருப்பட்டம் பெறாதவர், ஆகவே இராப்போஜனம் எனப்படும் திருவிருந்தை வழங்கும் அதிகாரம் அற்றவர். ஆயினும் ஊர் ஊராக நடந்து வேதத்தை உரக்க வாசிப்பதும், விசுவாசத்தின் அடிப்படைகளை வினாவிடையாக அமைத்த ஞானோபதேசத்தைச் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் மனப்பாடமாக்குவதும், நோயாளியின் அருகிருந்து ஜெபிப்பதும் அவர் பணிகள். 1706 ஜூலை 9 அன்று டேனியத் துறைமுகமான தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அங்கேயே அச்சேறின. புதிய ஏற்பாடு முழுமையும் அடுத்த ஆண்டு நிறைவுற்றது. ஐரோப்பியக் குருமார் தஞ்சை மராட்டிய அரசின் எல்லைக்குள் தம் விருப்பப்படி நுழைய முடியாதிருந்த காலத்தில், அந்த அச்சு நூல் உள்நாட்டு ஊர்களைச் சென்றடைந்தது பெரிதும் உபதேசியாரின் காலாலும் குரலாலுமே. கூடியிருந்து கதை கேட்டுப் பழகிய மக்களுக்கு இந்த முறை புதியதாகத் தோன்றியிருக்காது.

இவர்களுள் தலைசிறந்தவர் இராஜநாயக்கன். 1700இல் பறையர் சமூகத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர் என்னும் அதிகாரப் பொறுப்பு வகித்த இவர் கைக்குத் தரங்கம்பாடி அச்சில் வந்த சுவிசேஷ நூல் கிடைத்தது. குருவின் வாய்மொழியாக மட்டுமே அறிந்திருந்த இயேசுவின் வரலாற்றைத் தம் தாய்மொழியில் தாமே வாசித்த அந்த அனுபவம் அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றது. 1720களின் இறுதியில் படைப்பதவியைத் துறந்து உபதேசியார் ஆனார். கட்டளை இட்டுப் பழகிய ஒருவர், முன்பிருந்த சபையினரின் பகையையும் ஏற்றுக்கொண்டு, மாதச் சிறுசம்பளத்துக்கு ஊழியம் செய்ய முன்வந்ததைக் கீழ்ப்படிதல் என்றன்றி வேறு எச்சொல்லாலும் விளக்க இயலாது. அச்சொல்லை அடிமைத்தனம் என்று படிப்பது தவறு. மேலாளருக்குப் பணிந்தவர் பழைய பதவியிலேயே இருந்திருப்பார். இவர் பணிந்தது தாம் கேட்ட சொல்லுக்கு.

அவருடைய தாழ்மையைவிடக் கடுமையான சோதனைக்கு உள்ளானது அவரை அனுப்பிய தரங்கம்பாடி மிஷனின் செவிதான். 1733இல் கடலூர் வேளாளரான ஆரோன் தமிழரில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது, திறமையும் தொண்டும் நிறைந்த இராஜநாயக்கனின் பெயர் முன்னால் நின்றும், அவர் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறித்தவர்கள் மறுப்பார்கள் என்ற அச்சத்தால் அது விலக்கப்பட்டு, 1741இல் தியோகு என்பவர் குருவானார். ஒரே அப்பத்தைப் பகிர்வதைப் பற்றிய போதனையை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களே அதைக் கேளாதுபோன இடம் இது; அம்முடிவை நடைமுறை விவேகம் என்று எழுதிக் கடந்துபோகும் வரலாறுகளை ஏற்பதற்கில்லை. இராஜநாயக்கன் மிஷனை விட்டு விலகவில்லை, ஊழியத்தைக் குறைத்துக்கொள்ளவுமில்லை. 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே உழைத்தார்.

1778இல் தஞ்சையில் நிலையாகத் தங்கிய மிஷனரி சுவார்ட்ஸ் காலத்திலும் சபைக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் நீடித்தது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபையில் உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சைச் சபையில் பலர் அதற்கு இணங்க மறுத்துப் பிரிந்தனர். சுவார்ட்ஸிடம் வளர்ந்தவரும், தம் கீர்த்தனைகளால் இச்சீமையின் காதுகளை வேதத்துக்குப் பழக்கியவருமான வேதநாயக சாஸ்திரியாரும் அந்த வழக்கத்தின் பக்கமே நின்றார் என்பது வருத்தத்தோடு பதிவுசெய்ய வேண்டிய உண்மை. அப்போது இராஜநாயக்கன் இறந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.