எல்லையில் ஒரு பெயரேடு

மரியாவும் யோசேப்பும் பெத்லகேமுக்குச் சென்றது தம் பெயரைப் பதிவு செய்வதற்காகவே என்கிறார் நற்செய்தியாளர் லூக்கா. விடுதியில் இடமில்லாமற்போனதை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தப் பெயரேட்டை மறந்துவிடுகிறோம். வீடிழந்து அயல்நாட்டு எல்லையில் நிற்போருக்கு ஏடுதான் முதல் கூரை. அதில் பெயர் ஏறினால்தான் அவர்கள் அடைக்கலம் கேட்டதற்குச் சான்று உண்டு. உணவுப் பங்கீடும் பிள்ளைகளின் பள்ளியும் அதன் பின்னரே.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது இந்த ஏடுகள் பல நாடுகளில் மூடப்பட்டன. அச்சம் பொய்யானதன்று. பதிவு அலுவலகம் என்றாலே நெருக்கமான வரிசை, எதிரெதிரே அமர்ந்து விசாரணை, எல்லாரும் தொடும் ஒரே கைரேகைக் கருவி. ஆயினும் உயிருக்கு ஆபத்துள்ள இடத்திற்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. கொள்ளைநோய்க்கென அதில் விலக்கு எழுதப்படவில்லை.

நோயையும் தடுத்து, வந்தவரையும் ஏற்பது எங்ஙனம்? விடை பழையது. இன்று குரோவேசியாவில் துப்ரோவ்னிக் என வழங்கும் ரகுசா நகரம் 1377இல் ஒரு சட்டம் செய்தது. கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள சிறுதீவிலோ சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம். இரக்கம் இதற்குக் காரணமென்று எண்ண வேண்டா. வணிகம் நின்றுவிடலாகாதே என்னும் கவலைதான். எனினும், கதவைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் நடுவே காத்திருத்தல் என்றொரு வழி உண்டென அச்சட்டம் காட்டியது.

2020 மார்ச்சில் போர்த்துகல் அரசு, விண்ணப்பம் நிலுவையிலிருந்த அயல்நாட்டினரை, அடைக்கலம் கோரியோர் உட்பட, முறைப்படி தங்கியிருப்போராகவே தற்காலிகமாகக் கருதியது. விண்ணப்பித்த சான்றே போதும். அலுவலகத்தில் கூட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்கெனவே பெயர் ஏறியவர்க்கே அது உதவியது. எல்லைக்கு வெளியே நின்றவர் நிலை?

மறைசாட்சிகளின் நாடாக நாம் அறிந்த உகாண்டாவும் அதே மார்ச்சில் எல்லைகளை மூடியது. ஏறத்தாழ 14 இலட்சம் அகதிகளை ஏற்கெனவே ஏற்றிருந்த நாடு அது. குறைகூற நமக்கு நா எழவில்லை. மே மாதத்தில் காங்கோ சனநாயகக் குடியரசின் இத்தூரி மாநிலத்தில் ஆயுதக் குழுக்களின் தாக்குதலுக்கு அஞ்சி ஓடிவந்தோர், இரு நாட்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் வாரக்கணக்கில் சிக்கிக்கிடந்தனர். சூலை 1ஆம் நாள் சோம்போ மாவட்டத்தில் இரு கடவைகள் திறக்கப்பட்டன. எல்லையிலேயே உடல்நலச் சோதனை, பாதுகாப்புச் சோதனை. பின்னர் ஒரு பண்ணைப் பயிற்சி நிலையத்தில் கட்டாயத் தனிமை. அது முடிந்து நோயில்லை என்றானதும் அகதிகள் குடியிருப்பு. ரகுசாவின் பழைய வழியே. ஆனால் இம்முறை உள்ளே வந்தோரிடம் விற்பதற்குச் சரக்கு ஏதுமில்லை. பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக மூன்று நாள்களில் 3,000க்கும் மேற்பட்டோர் கடந்து வந்தனர்.

அந்தத் திறப்பு தற்காலிகமானது. மூன்றாம் நாளுக்குப் பின் கடவைகள் மீண்டும் அடைக்கப்பட்டன.