கிருமியைக் குடித்த டாக்டர்

காரம் தின்றால், கவலைப்பட்டால் வயிற்றுப்புண் வரும் என்றுதான் டாக்டர்களும் நம்பி வந்தார்கள். அதை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும். 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கத்தைவிட அதிக நாள் ஆய்வகத்தில் கிடந்த தட்டில்தான் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வளர்ந்திருந்தது. பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பை அழற்சி! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கதை அதோடு முடியவில்லை. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுகிறது. சளி, இருமலுக்கென்று கொடுத்துக் கொடுத்து, கிளாரித்ரோமைசினுக்குப் பல இடங்களில் அது அடங்குவதில்லை. பெரியவர்களுக்கு மாற்றாகத் தரும் டெட்ராசைக்ளினோ சின்னப் பிள்ளைகளின் பற்களில் கறை உண்டாக்கும். 2017-ல் உலக சுகாதார நிறுவனம், புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரைக்குக் கடைசியில் விலை கொடுப்பது குழந்தைகளும்தான்.