சுவருக்குள் இருந்த மேசை

இந்தியில் 'தாக் பர் ரக்னா' என்றொரு மரபுத்தொடர் உண்டு. ஒன்றைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவைத்தல் என்பது அதன் பொருள். பாரசீக வழியாக வடஇந்திய மொழிகளில் கலந்த 'தாக்' என்னும் சொல் வளைவையும், சுவரில் வளைவாக அமைக்கப்பட்ட மாடத்தையும் குறிக்கும். மாடத்தில் வைத்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆயினும் அன்றாடப் புழக்கத்திலிருந்து சற்று விலகி நிற்கும். அந்த விலகலைத்தான் மொழி பிடித்துவைத்துக்கொண்டது. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் மாடத்தைக் காண்பது அரிது. மரபுத்தொடரோ இன்னும் வழக்கிலிருக்கிறது. இந்திய வீட்டில் எழுதவும் எழுதியதைப் பாதுகாக்கவும் இடம் தேடியவர்களின் வரலாற்றை இந்த மாடத்திலிருந்து தொடங்கலாம்.

மாடம் உருவானதற்குக் காரணம் சுவரின் தடிமன். கூரையின் பாரம் முழுவதையும் சுவரே தாங்கிய காலத்தில் மண்ணாலும் செங்கல்லாலும் கல்லாலும் எழுந்த சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி எனத் தடித்திருந்தன. அத்தகைய சுவரில் ஒரு சாண் ஆழத்திற்குக் குழிவு விட்டுக் கட்டினாலும் அதன் வலிமை பெரிதும் குறைவதில்லை. குழிவின் தலைப்பகுதி வளைவாக இருந்தால் மேலிருக்கும் பாரம் இருபுறமும் பிரிந்து இறங்கிவிடும். இவ்வாறு தனிச்செலவும் மரமும் இல்லாமல் வீட்டுக்குச் சேமிப்பிடம் கிடைத்தது. விளக்கும் சுவடியும் மருந்துப் புட்டியும் அங்கே இடம்பெற்றன. முகலாயர் மாளிகைகளில் இதுவே 'சீனிகானா' என்னும் அலங்கார வரிசையாக வளர்ந்தது. பீங்கான் கலங்களுக்கும் பூச்சாடிகளுக்குமான மாடங்கள் சுவர் நிறைய அடுக்கப்பட்டன. ஏழையின் குடிசைக்கும் அரசனின் அறைக்கும் பொதுவான கட்டடக்கூறுகளுள் மாடமும் ஒன்று.

வணிகர் வீடுகளில் எழுதும் இடம் வேறு வகையில் நிலைபெற்றது. ராஜஸ்தானின் ஷேகாவாட்டிப் பகுதி ஹவேலிகளில் வெளிமுற்றத்தை ஒட்டி 'பைட்டக்' என்னும் அறை இருக்கும். வணிகம் பேசுவதும் கணக்கெழுதுவதும் அங்கேதான் நடந்தன. தரையில் வெள்ளை விரிப்புடன் ஒரு மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, சரிவான மூடியுடைய குட்டையான மேசை, சிவப்புத் துணியட்டை போட்ட 'பஹி' என்னும் கணக்கேடு ஆகியவையே அந்த அலுவலகத்தின் தளவாடங்கள். தமிழ்நாட்டில் கணக்குப்பிள்ளை மேசை எனப்படுவது அந்தக் குட்டை மேசைக்கு நெருங்கிய உறவு. மெத்தையைக் குறிக்கும் 'கத்தி' என்னும் சொல்லே அரியணையையும் குறித்தது. வணிகனின் நிறுவனமும் அப்பெயரால் வழங்கிற்று. தீபாவளியன்று புதுக்கணக்கேட்டுக்குப் பூசை செய்யும் வழக்கம் குஜராத்தி, மார்வாரி வணிகரிடையே இன்றும் உண்டு. வீடும் தொழிலிடமும் பிரியாத உலகம் அது. எனினும் வெளிமுற்றத்தோடு அது முடிந்துவிடும். உள்முற்றம் பெண்களுக்குரியது, அங்கே மேசை கிடையாது.

தனியே நிற்கும், நகர்த்தக்கூடிய தளவாடங்களின் வருகையைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. மேசை, அலமாரி, சாவி ஆகிய மூன்றும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. 'மெசா', 'அர்மாரியோ', 'சாவே' என்பன அவற்றின் மூலங்கள். அர்மாரியோ என்பதற்கு வேரான இலத்தீன் சொல் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் பெட்டியைக் குறித்தது. அலமாரியோடு சாவியும் வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. மாடம் திறந்தே கிடப்பது, அலமாரி பூட்டக்கூடியது. சேமிப்பிடம் சுவரிலிருந்து வெளியேறியபோது, அதை யார் திறக்கலாம் என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

அலுவலகத்தைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய படிமலர்ச்சியைக் காணலாம். 'தஃப்தர்' என்பதன் தொலைதூர வேர், தோலைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். எழுதப்பட்ட தோல் ஏடாயிற்று. ஏடுகள் சேர்ந்த இடம் அலுவலகமாயிற்று. பிரெஞ்சு மொழியின் 'ப்யூரோ' முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து, அத்துணி விரித்த மேசைக்கும், மேசையிலிருந்து அலுவலகத்திற்கும் பெயர்ந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மரபுகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: அலுவலகம் முதலில் ஒரு பொருளாக இருந்தது, பிறகே இடமானது.

1897இல் பூட்டு உற்பத்தியில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரிகளைச் செய்யத் தொடங்கியது. கறையான் அரிக்காத, மழைக்காலத்தில் உப்பாத, பூட்டிக்கொள்ளும் பெட்டகம் நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பிடமாயிற்று. சுவரின் வேலையை எஃகு ஏற்றுக்கொண்டது.

அவ்வேலையைச் சுவரிடம் மீண்டும் ஒப்படைத்த குறிப்பிடத்தக்க முயற்சி சண்டிகரில் நடந்தது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமற்போயிற்று. 1951இல் லெ கார்பூசியே தலைமையில் புதுநகரின் பணி தொடங்கியது. அவர் தலைமைச் செயலகத் தொகுதியில் கவனம் செலுத்த, குடியிருப்புகளின் பெரும்பகுதியைப் பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவரும் இந்தியக் கட்டடக்கலைஞர் குழுவுடன் இணைந்து வடிவமைத்தனர். ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டுகளில் விடைபெற்றனர். ஜான்னரே 1965 வரை தங்கினார்.

நிதி குறைவு; மரம் விலை மிகுந்தது; செங்கல் உள்ளூரிலேயே கிடைத்தது. ஆகவே இவ்வீடுகளில் செங்கல் மாடங்களும், சுவரில் பதித்த கான்கிரீட் பலகைத் தட்டுகளும், சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கைகளும் இடம்பெற்றன. குடியிருப்போரின் தன்மையும் இதற்கு இசைந்தது. அரசு ஊழியர் மாற்றலாகிச் செல்பவர். கனத்த தளவாடங்கள் அவருக்குச் சுமை. வீட்டோடு பிறந்த தட்டு, ஒருவர் போனபின் அடுத்தவருக்கு உதவும். பிரிவினையில் உடைமைகளை இழந்து வந்த குடும்பங்கள் நிறைந்த மாநிலத்தில், வெறுங்கையோடு நுழைபவருக்கும் பொருள்வைக்க இடம் தரும் சுவருக்குத் தனிப்பொருள் இருந்தது.

ஆயினும் அச்சுவர் எல்லோருக்கும் சமமாக இல்லை. அரசு வீடுகள் தொடக்கத்தில் 13 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகை முதலமைச்சருக்கு. பதின்மூன்றாம் வகை கடைநிலை ஊழியருக்கு. எண்ணையடுத்து, வடிவமைத்தவர் பெயரின் முதலெழுத்து சேரும். எண் ஏற ஏற அறைகள் குறைந்தன. கடைநிலை ஊழியரின் இரண்டறை வீட்டில், கோப்புகளைச் சுமந்து திரிபவருக்கு அவற்றை வைத்து எழுதும் மேசைக்கென ஓர் அறை எதிர்பார்க்கப்படவில்லை. ஜேன் ட்ரூ முதலியோர் அவ்வீடுகளுக்கும் மாடமும் சாளரமும் நிழலும் தர அக்கறையோடு முயன்றனர் என்பது உண்மை. எழுதும் தேவை யாருக்கு உண்டு என்பதைத் தீர்மானித்தது அவர்களுடைய வரைபடமன்று, ஊதியப் பட்டியல்.

அப்பட்டியலில் எக்காலத்திலும் இடம்பெறாதவர் வீட்டிலிருந்த பெண். 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி, சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டைப் பிரித்தெடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்தறிந்தார். அவர் எழுதிய 'ஆமார் ஜீபன்' வங்க மொழியின் தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் ஒன்று. வீட்டு அலுவலகத்தின் வரலாற்றில் அந்தச் சமையலறைக்கும் ஓர் இடம் உண்டு. மேசை இல்லை, பூட்டு இல்லை, ஒளிப்பதற்கு ஒரு மூலை மட்டும் இருந்தது.

சண்டிகரின் கதை இங்கே முடியவில்லை. அந்நகரின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாகச் செய்யப்பட்ட தேக்கு நாற்காலிகளும் மேசைகளும் பழுதடைந்தபோது காயலான் விலைக்கு ஏலம் விடப்பட்டன. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வணிகர்கள் செப்பனிட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருந்தொகைக்கு விற்றனர். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அத்தகைய மரபுத் தளவாடங்களின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடைவிதித்தது. 2016இல் தலைமைச் செயலகத் தொகுதி உலக மரபுச் சின்னமாயிற்று. 5ஆம் செக்டாரில் ஜான்னரே வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாயிற்று. சாதாரணக் குடியிருப்புகளோ அந்தச் சின்னத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நகர்த்த முடிந்த நாற்காலிக்கு விலை கிடைத்தது. விலை கிடைத்ததால் அது மரபாயிற்று. சுவரோடு பிறந்த தட்டை எவரும் கழற்றிச் செல்ல முடியாது. ஆகவே அதற்குச் சந்தையும் இல்லை, ஆவணமும் குறைவு. ஒரு வீடு இடிக்கப்படும்போதோ புதுப்பிக்கப்படும்போதோ அத்தட்டு செங்கற்குவியலில் கலந்துவிடுகிறது. ஏலத்துக்கு வந்த பொருளை மட்டும் வைத்து எழுதப்படும் வடிவமைப்பு வரலாறு, அதிகாரியின் நாற்காலியை நினைவில் வைத்து, எழுத்தரின் சுவர்த்தட்டை மறந்துவிடுகிறது.

கான்கிரீட் தூணும் உத்திரமும் பாரத்தை ஏற்றுக்கொண்டபின் நகரச் சுவர்கள் அரையடிக்கும் கீழே மெலிந்தன. மெலிந்த சுவரில் மாடத்துக்கு ஆழமில்லை. அதன் இடத்தை ஒட்டுப்பலகைப் பெட்டகங்கள் பிடித்தன. அவை சுவரில் பொருத்தப்படுகின்றன, சுவரின் பகுதியாக இருப்பதில்லை. 2020இல் ஊரடங்கு வந்து அலுவலகம் வீட்டுக்குள் புகுந்தபோது இப்பற்றாக்குறை வெளிப்பட்டது. உணவு மேசையும் கட்டிலின் விளிம்பும் சமையல் மேடையும் எழுதுமிடங்களாயின. ஒரே மேசை இருந்த வீடுகளில் அது யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. பல வீடுகளில் கேள்வியாக எழாமலேயே விடை முடிவாகியிருந்தது.

சண்டிகரின் பதின்மூன்றாம் வகை வீடுகளுள் எஞ்சியவற்றை அளந்து, வரைந்து, அங்கே வாழ்ந்தோர் அந்தத் தட்டுகளில் எவற்றை வைத்தனர் என்று கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் காலம் இருக்கிறது. சுவர்கள் இருக்கும்வரைதான் அது இயலும். இல்லையேல் அவ்வீடுகளில் எழுதியவர்களின் கதையும் 'தாக்'கில் வைக்கப்பட்டதாகிவிடும். இம்முறை அந்த 'தாக்'கும் மிஞ்சாது.