பசை நீங்கிய பட்டு

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன், இரத்தக் குழாயைக் கட்டுவதற்குப் பட்டு நூலைப் பரிந்துரைத்தார். செல்வச் சீமாட்டிகள் மிகுந்த நகரங்களில் அது எளிதில் கிடைக்கும் என்றும் சேர்த்து எழுதினார். மருத்துவருக்குக் கடைவீதி நிலவரமும் தெரிந்திருந்தது.

1880களில் விலங்குக் குடல் நூலால் புண்கள் சீழ் பிடித்ததைக் கண்ட பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர் பட்டுக்கு மாறினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1913இல் மெல்லிய பட்டு நூலுக்காகவே வாதாடிக் கட்டுரை எழுதினார்.

ஆனால் பட்டிலும் ஒரு குறை உண்டு. அது இழையின் மேற்பூச்சில் இருந்தது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு செரிசின் என்னும் பசை. உள்ளே இருக்கும் இழை ஃபைப்ரோயின். பசை நீக்காத தையல் நூல் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியது. இதற்கான தீர்வு சாயப்பட்டறையில் நெடுங்காலமாக இருந்ததுதான்: சோடா, சோப்பு கலந்த நீரில் வேகவைத்தால் பசை கழன்றுவிடும். அப்படித் தூய்மையாக்கிப் பின்னிய நூலுக்கு மெழுகு அல்லது சிலிக்கோன் பூசினார்கள். குருதிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியக் கறுப்புச் சாயமும் ஏற்றினார்கள்.

மருந்தியல் ஏடுகள் பட்டை 'கரையாத நூல்' என்று வகைப்படுத்தின. உண்மையில் அது கரையும், ஆனால் மெதுவாக: உடலின் நொதிகள் அரிக்க அரிக்க, ஓராண்டுக்குள் வலுவில் பெரும்பகுதி போய்விடும். கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிந்தபோதுதான் பட்டு தையல் பெட்டியை விட்டு வெளியே வந்தது. பசை நீங்கிய இழையை அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பைப் பிரித்தெடுத்தால் தெளிந்த புரத நீர் மிஞ்சும். அதைப் படலமாக, பஞ்சாக, கூழாக வார்க்கலாம். மெத்தனாலில் நனைத்தால் புரதச் சங்கிலிகள் தகடு தகடாக அடுக்கிக்கொள்ளும். நீரில் கரைந்த படலம் அதன்பின் கரையாது. அடுக்கு கூடினால் ஆயுளும் கூடும்.

அடுத்து, இந்தப் படலத்தின்மேல் திசு வளர்க்க, செல்கள் பற்றிக்கொள்ள ஒரு பிடி தேவைப்பட்டது. 2001இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு, மூன்று அமினோ அமிலங்களால் ஆன ஒட்டும் வரிசையைப் பட்டுப் படலத்தில் வேதிமுறையில் பிணைத்து அதன்மேல் எலும்புச் செல்களை வளர்த்தது. இந்தியக் காடுகளின் தசர் பட்டில் இதே வரிசை இயற்கையாகவே உண்டு. அந்த அனுகூலத்தைக் காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர்.

எல்லாரும் பட்டைக் கரைக்கவில்லை. பசை நீக்கிய இழைகளைக் கயிறுபோல் முறுக்கி, முழங்கால் தசைநாருக்கு மாற்றாக்கும் முயற்சி 2002இல் வெளியானது. அதே வழியில் வந்த தயாரிப்பு 2008இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. தசைநாராக அல்ல, நலிந்த மென்திசுவைத் தாங்கும் பின்னல் வலையாக.