உயிரணுவில் சுற்றிய நூல்

அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவோரைக் கண்டிருப்பீர்கள். சுற்று ஒழுங்காயிருந்தால் நூல் எத்துணை நீளமாயினும் சிக்கு விழாது. நம் உயிரணுவுக்குள்ளும் இத்தொழில் நடைபெறுகிறது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றிச் சுற்றி, கண்ணுக்குப் புலப்படாத உட்கருவில் அடங்கிவிடுகிறது. இழையும் புரதமும் கூடிய அப்பொருளே குரோமாட்டின்.

சுற்று அவிழாதபடி பிடித்திருப்பது எது? 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இவ்வினாவில் உழைத்தவர். பௌதிகத்தில் 1976-இல் டாக்டர் பட்டம் பெற்றும், உயிரியலுக்காக மறுபடியும் மாணவராய் அமர்ந்தார். அத்துணிவு எல்லோருக்கும் வருவதன்று. கோழியின் இரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அவ்வணு முதிர முதிர அதன் ஜீன்கள் ஓய்ந்துபோகின்றன. அங்கே இழையை இறுக்கிப் பிடிக்கும் எச்-5 என்னும் ஹிஸ்டோனின் நடுப்பகுதி எவ்வடிவினது என்பதை, அவரும் உடன் உழைத்தோரும் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு கண்டு 1993-இல் வெளியிட்டனர். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ரைபோசோம் ஆராய்ச்சிக்காக. அப்புகழொளியில் இப்பழைய உழைப்பு மங்கிவிட்டது.

மூப்பைப் பற்றி 2024-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். வயது ஏற ஏறக் குரோமாட்டினின் கட்டு சிற்சில இடங்களில் நெகிழ்ந்து, உறங்க வேண்டிய ஜீன்கள் விழிப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அந்நெகிழ்ச்சி மூப்புக்குக் காரணமா, அதன் விளைவா என்னும் வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.