பெயர் அழிந்த பேழைகள்

தொகுத்துக் காக்கும் மரபு தமிழருக்கு மிகப் பழையது. எட்டுத்தொகை என்னும் பெயரிலேயே அது விளங்குகிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாடியவரை மட்டுமன்றித் தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் பெயர் சொல்லிப் போற்றியது நம் இலக்கிய உலகம். அத்தொகுப்பாளர்கள் செய்த பணியில், வகுப்பறையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒன்று உண்டு. சில பாடல்கள் கைக்குக் கிடைத்தன; பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பெயரில்லை என்பதற்காக அவற்றை அவர்கள் விலக்கிவிடவில்லை. பாட்டிலுள்ள ஒரு தொடரையே பாடியவருக்குப் பெயராக்கி ஏட்டில் ஏற்றினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு பிறந்த பெயர்களே.

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, இதற்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு பொருளுக்கு வருவோம். பழைய வீடியோ விளையாட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர், மலேசியாவிலும் உள்ளனர். இவர்களுள் உண்மைத் தொகுப்பாளர் எனத் தக்கவர் யார் என்பதே நம் வினா. பிள்ளைகள் விளையாடித் தேய்ந்த பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சியா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு விடை பின்னர் வரும்.

வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதற்கருவியான மாக்னவோக்ஸ் ஒடிசி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1977இல் வந்த அட்டாரிக் கருவி, ஆட்டங்களைத் தனித்தனிப் பேழைகளில் அடைத்து விற்கும் முறையைப் பரவச் செய்தது. அளவு மீறிய உற்பத்தியால் 1983இல் அவ்வாணிகம் அந்நாட்டில் சரிந்தது. விலைபோகாத பேழைகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்துக் குப்பைக் குழியொன்றில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அக்குழியைத் தோண்டி ஏறத்தாழ 1,300 பேழைகளை வெளியே எடுத்தனர். அவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காப்பில் உள்ளது. குப்பை அரும்பொருளாக முப்பத்தோராண்டுகள் போதுமாயின.

வாணிகம் அங்கே சரிந்த அதே 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. பிற நாடுகளில் வேறு வடிவில் விற்றவற்றையும் சேர்த்து 6 கோடியே 19 இலட்சம் கருவிகள் விற்றன என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. அக்கணக்கில் நாம் இல்லை. இருப்பினும் மிகச் சிலராகவே இருப்போம். ஏனெனில், நம் நாட்டின் எளிய குடும்பங்கள் அறிந்தது ஃபேமிகாம் அன்று. அதனைப் பார்த்துத் தைவானில் செய்யப்பெற்ற மைக்ரோ ஜீனியஸ் என்னும் கருவியையே. பின்னர் எந்தத் தொழிற்சாலையின் போலிக் கருவியாயினும் அதற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. உடனடி மீ எதுவாயினும் அதனை 'மேகி' என்றே கேட்டு வாங்கும் நாடன்றோ நம்முடையது!

தொண்ணூறுகளில் பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்திலும் பிற தோட்டப்புறங்களிலும் வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. லயத்தில் ஒரு வீட்டில் கருவி இருந்தால் அஃது அவ்வரிசைக்கே பொதுவுடைமை. ஆடுவோர் இருவர், தரையில் அமர்ந்து முறைக்குக் காத்திருப்போர் பதின்மர். திரையில் படம் தோன்றவில்லையெனில் பேழையைக் கழற்றி, அதன் வாயில் தம் வாய் வைத்து ஊதி, மீண்டும் செருகுவர். 'பேட்டல் சிட்டி' என்னும் உண்மைப் பெயர் யாருக்குத் தெரியும்? அது 'டாங்கி'. 'சர்க்கஸ் சார்லி' வெறும் 'சர்க்கஸ்'. திரையில் பெயர் இருந்தாலும் அதைப் படித்துக் காட்ட ஆளில்லாத வீடுகளும் உண்டு.

பல பேழைகளில் பெயரே இல்லை என்பது அதனினும் பெரிய உண்மை. பசார் மாலாமில் விற்ற பேழையின் மேலட்டை 'நூறு ஆட்டங்கள்' என்றும், 'ஆயிரம் ஆட்டங்கள்' என்றும், சில வேளை '99,99,999 ஆட்டங்கள்' என்றும் முழங்கும். உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. பெயரையும் தொடங்கும் கட்டத்தையும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பர். முதல் திரையில் இருக்க வேண்டிய நிறுவனப் பெயரும் வெளிவந்த ஆண்டும் பலவற்றில் துடைக்கப்பட்டிருக்கும். களவுப் பொருளில் உடையவன் பெயர் இருப்பது ஆகாதன்றோ. இங்கே தமிழாசிரியர்க்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு, லயத்துப் பிள்ளைகள் கையாண்டவை ஆசிரியர் பெயர் அழிக்கப்பட்ட இலக்கியங்கள்!

இனித் தொகுப்பாளரைக் காண்போம். இன்றைய சந்தை மதிப்பது பிரிக்கப்படாத பெட்டியை. 1996இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ 64' ஆட்டத்தின் முத்திரை உடையாத ஒரு பெட்டி 2021 ஜூலையில் அமெரிக்க ஏலமொன்றில் 15,60,000 டாலருக்கு விலைபோயிற்று. அதனைக் கடினமான கண்ணாடி போன்ற உறையில் இட்டு, மதிப்பெண் ஒட்டி வைத்திருப்பர். ஆடினால் விலை குன்றும். ஆகவே ஒருவரும் ஆடார். ஆடப்படாத ஆட்டத்தைப் பூட்டி வைத்திருப்பவரை முதலீட்டாளர் என்க, அதில் குற்றமில்லை. தொகுப்பாளர் என்னும் சொல்லை மட்டும் அவருக்குத் தர மனம் ஒப்பவில்லை. அவருடைய பேழையறையில் 'டாங்கி'க்கு இடமிராது. போலி எனத் தள்ளிவிடுவார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியாரை இங்கே நினைக்க வேண்டும். அவர் பேராசிரியர் அல்லர். தொழிலால் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அரிய நூல்களையும் இதழ்களையும் தேடி வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. நாடகத் துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், கடிதம் என நூலகங்கள் வாயிலிலேயே தடுத்துவிடும் தாள்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதனைத் தமிழகத்திலேயே வைத்துக் காக்க வழி செய்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் உருப்பெற்றது. இன்று தமிழ் நாடக வரலாறு எழுதுவோர், ஒருநாள் ஆட்டத்திற்காக அச்சடித்த அத்துண்டறிக்கைகளையே சான்றாகத் தேடுகின்றனர். முகம் சுளித்தவர்க்கு இதுவே விடை. ஒரு காலம் தன்னைப் பற்றி விட்டுச்செல்லும் சான்று எத்தாளில், எப்பேழையில் இருக்கும் என்பதை அக்காலத்து மனிதர் அறியார்.

தோட்டத் தமிழரின் வரலாற்றில் பால்வெட்டும் கங்காணியும் கள்ளுக்கடையும் எழுதப்பட்டுவிட்டன. போதிய அளவு என்று கூறேன், எனினும் எழுதப்பட்டன. இரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எழுந்த காலத்தில், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடும்பங்கள் பெயர்ந்த காலத்தில், அப்பிள்ளைகளின் மாலைப்பொழுது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று எங்கே? அச்சான்றின் ஒரு பகுதி அந்தப் போலிப் பேழைகளில் இருக்கிறது. அதுவோ விரைந்து அழிந்து வருகிறது.

அழிவின் முறையை அறிந்தாலன்றிக் காத்தல் இயலாது. நம் நாட்டின் ஈரக்காற்று பேழையின் செப்புமுனைகளை அரிக்கும். மேலட்டையில் பூசணம் படரச் செய்யும். வாயால் ஊதுதல் அவ்வரிப்பை விரைவுபடுத்துமேயன்றிக் குணப்படுத்தாது. தூய ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் துடைப்பதே முறை. கருவிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து உலரும். ஆட்டநிலையைச் சேமித்து வைக்கும் பேழைகளில் சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் சேமித்தது போயிற்று. இவையனைத்தும் பற்றுக்கோல் கொண்டு மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது ஒன்று உண்டு. நிண்டெண்டோவின் பேழையைத் திறந்தால் எண் பொறித்த சில்லு இருக்கும். அதே சில்லைத் தேடிப் பொருத்தலாம். மலிவுப் பேழையைத் திறந்தாலோ, சுற்றுப்பலகையின் நடுவே எண்ணும் எழுத்துமற்ற கருப்புப் பிசின் துளி ஒன்றே இருக்கும். சில்லு அப்பிசினுக்குள் புதைந்துள்ளது. அது செத்தால், அப்பேழையில் மட்டுமே இருந்த மாற்றுவடிவமும் அதனோடு மறையும். மூல ஆட்டத்தைக் காக்க அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளேனும் உள்ளன. அவ்வமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. மூலங்களின் நிலையே இதுவென்றால், கருப்புத் துளிக்குள் இருப்பவற்றை யார் எண்ணினார்?

எனவே உண்மைத் தொகுப்பாளர், ஜோங்கர் தெருப் பழம்பொருட் கடையிலோ ஈப்போவின் ஞாயிற்றுச் சந்தையிலோ கிடைக்கும் போலிப் பேழையையும் விலக்காமல் எடுப்பவர். எடுத்ததைத் துடைத்து ஓடச் செய்பவர். ஓடுவதைப் பிறர் ஆட விடுபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வைப்பவர். எந்தத் தோட்டத்தில் இருந்தது, யார் வாங்கியது, எத்தனை பிள்ளைகள் ஆடினர், அவர்கள் அதற்கு இட்ட பெயர் யாது என ஓர் அட்டையில் நான்கு வரி வேண்டும். நிறுவனத்தின் பெயர் தெரியாவிட்டால், செம்புலப்பெயனீராரைப் போல, பிள்ளைகள் வாயில் வழங்கிய பெயரே பெயராகட்டும்.

இப்பணி பேழையோடு முடிவதன்று. கருவியோடு பலர் வாங்கிய ஒளித் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கருகி, வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். துப்பாக்கியின் கண் அவ்வொளியைக் கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் ஒளிவேகத்திற்கென அளந்து செய்த ஏற்பாடு அது. தட்டைத் திரையில் படம் சற்றே தாமதித்து வருவதால் எத்துணைக் குறிபார்த்தாலும் வாத்து விழுவதில்லை. ஆகவே, பழைய சாமான் லோரியில் ஏறும் படக்குழாய்த் தொலைக்காட்சியையும் நிறுத்திக் கேட்டு வாங்க வேண்டியவராகிறார் தொகுப்பாளர். அதைத் தூக்க இருவர் வேண்டும். வைக்க ஒரு மூலை வேண்டும். வீட்டிலுள்ளோரின் இசைவும் வேண்டும். மூன்றாவது கிடைப்பதே அரிது.